விடைக்கு முன் ஒரு நிறுத்தம்

குழந்தைகளுக்கான புத்தகம் என்று அட்டையில் அச்சிட்டிருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு ஒரு சிறு ஐயம் எழும். அந்தப் புத்தகம் வந்துசேரும் வீட்டில் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? குழந்தையின் கையில் கொடுத்துவிட்டுத் தத்தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்களா? புத்தகமும் திரைப்படமும் விளையாட்டும் இன்று பல வீடுகளில் குழந்தையைச் சற்று நேரம் அமைதியாக இருத்திவைக்கும் பொருள்களாகவே வாங்கப்படுகின்றன. நான் அறிந்தவரையில், ஒரே கதையைக் கேட்ட நான்கு பேர் நான்கு விதமாகப் பேசத் தொடங்கும்போதுதான் அவற்றின் சுவையே பிறக்கிறது.

சென்னிமலைப் பக்கம் ஒரு நெசவுக் குடும்பத்தில் வளர்ந்தவன் நான். பகல் முழுதும் தறியோசை. அதில் எந்தக் கதையும் காதில் விழாது. இரவு உணவுக்குப் பிறகுதான் வீடு பேச்சுக்கு இசையும். அப்போதும் கைகள் ஓய்ந்திரா. அம்மா ராட்டையில் மறுநாளைக்கான தார் சுற்றுவார். அப்பா பாவில் அறுந்த இழைகளைப் பிணைத்துக்கொண்டிருப்பார். அப்பத்தா சிக்குவிழுந்த நூலைப் பொறுமையாகப் பிரித்தபடி இருப்பார். எல்லாருடைய கைகளிலும் வேலை இருந்தது. காதுகள் மட்டும் காலியாக இருந்தன. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த நாள்முதல் அந்தக் காதுகளுக்குப் படித்துக்காட்டும் பொறுப்பு அக்காவுக்கும் எனக்கும் வந்துசேர்ந்தது. பெரியவர்கள் குழந்தைகளுக்குக் கதை சொல்வது உலக வழக்கம். எங்கள் வீட்டில் அது தலைகீழாக நடந்தது. அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது. அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர்.

படித்தவற்றுள் முதலிடம் அம்புலிமாமாவுக்கே. நாடு விடுதலை பெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1947 ஜூலையில், நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிலிருந்து தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய இதழ் அது. அவர்கள் இருவருமே பத்தாண்டுகள் கழித்து, 1957இல், மாயா பஜார் படத்தையும் தயாரித்தார்கள். அதற்குச் சிறுவர் படம் என்று எவரும் பெயர் சூட்டவில்லை. கல்யாண விருந்து முழுவதையும் கடோத்கசன் ஒருவனே உண்டு தீர்க்கும் காட்சியில் ஐந்து வயதுக் குழந்தை கைகொட்டிச் சிரிக்கும். அந்தக் கல்யாண ஏற்பாட்டுக்குள் இருக்கும் சூதை அறிந்த பெரியவர்கள் வேறொரு சிரிப்புச் சிரிப்பார்கள். அப்பத்தா டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து அந்தப் படத்தைப் பார்த்தவர். ரங்காராவைப் பற்றிப் பேச்செடுத்தால் நூல் பிரிப்பதையே மறந்துவிடுவார்.

அம்புலிமாமா வந்ததும் நாங்கள் முதலில் புரட்டுவது வேதாளக் கதையை. தோளில் பிணமும் கையில் உருவிய வாளுமாக நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்திருப்பார். அந்தப் படத்தைச் சுற்றிக் காட்டிய பின்னரே படிக்கத் தொடங்க வேண்டும் என்பது அப்பத்தாவின் கட்டளை. கதையின் அமைப்பை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அரசன் வாய் திறவாமல் நடக்க வேண்டும். வேதாளம் ஒரு கதையைச் சொல்லி, முடிவில் ஒரு கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். சொன்னாலோ மௌனம் கலைந்து வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். வடமொழியில் 25 கதைகளே உள்ள இந்த அமைப்பை வைத்துக்கொண்டு, அம்புலிமாமா பல பத்தாண்டுகள் புதுப்புதுக் கதைகளை வெளியிட்டது.

கேள்வி வந்ததும் படிப்பதை நிறுத்திவிட வேண்டும். இது எங்கள் வீட்டு விதி. புத்தகம் மூடப்படும். ஒவ்வொருவரும் தம் விடையைச் சொல்ல வேண்டும். அதன் பிறகே அரசனின் விடை. அப்பா பெரும்பாலும் அரசனோடு ஒத்துப்போவார். அம்மாவின் விடையில் எப்போதும் செலவுக்கணக்கு ஒன்று கலந்திருக்கும். அப்பத்தா அரசனைச் சிறிதும் மதிப்பதில்லை.

ஒருநாள் நூலகத்திலிருந்து கொண்டுவந்த வேதாளக் கதைத் தொகுப்பில், ஒரு பெண்ணை மணக்க விரும்பிய மூவரின் கதை வந்தது. அவள் திடீரென இறந்துவிடுகிறாள். ஒருவன் அவளுடைய சாம்பலின் மீதே படுத்துக் காவல் காக்கிறான். இன்னொருவன் எலும்புகளைக் கங்கைக்கு எடுத்துச் செல்கிறான். மூன்றாமவன் ஊரூராக அலைந்து, உயிர்ப்பிக்கும் மந்திரத்தைக் கற்றுவருகிறான். பெண் உயிர் பெற்று எழுகிறாள். மூவரில் யாருக்கு அவள் மனைவி? அக்கா புத்தகத்தை மூடினாள். உயிர் கொடுத்தவனுக்கே என்றேன் நான். அப்பா சற்று யோசித்தார். அப்பத்தா நூலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

“அந்தப் புள்ளகிட்ட யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா சாமி?”

ராட்டை நின்றது. அப்பா நிமிரவில்லை, பிணைத்துக்கொண்டிருந்த இழை மட்டும் அவர் விரலிடுக்கில் அப்படியே இருந்தது. அக்கா அப்போதுதான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்தாள். உறவில் ஒரு மாப்பிள்ளையைப் பற்றிய பேச்சு வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தது. அக்காவின் எதிரில் மட்டும் அது எழவில்லை. உயிர் கொடுத்தவன் தந்தைக்கு நிகர், எலும்பைக் கங்கையில் சேர்த்தவன் மகனுக்கு நிகர், சாம்பலைப் பிரியாதவனே கணவன் என்பது அரசனின் விடை. அன்று அதை அக்கா படித்தபோது யாரும் கவனித்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

அவ்வாண்டு ஜூன் மாதம் அக்கா பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். ஒரு கதைக்கு அவ்வளவு வலிமை உண்டென்று நான் சாதிக்கமாட்டேன். அவளுடைய ஆசிரியை வீடு தேடிவந்து பேசியதும் உண்டு. மதிப்பெண்களும் அவளுக்காகப் பேசின. ஆயினும், அந்தத் திருமணப் பேச்சில் அப்பத்தாவின் கருத்தை எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். கதையில் வரும் பெண்ணைப் பற்றிப் பேசவோ அவருக்கு எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

மின்சாரம் நின்ற இரவுகளில் ஆடுபுலி ஆட்டம். அப்பாவுக்கு 3 புலிகள். அக்காவுக்கும் எனக்கும் 15 ஆடுகள். பின்னால் இடம் காலியாக இருக்கும் ஆட்டைப் புலி தாண்டி வெட்டிவிடும். இன்னோர் ஆடு பின்னால் ஒட்டி நின்றால் தாண்ட முடியாது. குழந்தைக்காக வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்கும் பெரியவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. இந்த ஆட்டத்தில் அதற்குத் தேவையே இல்லை. அப்பா உண்மையாகவே தோற்றார்.

இன்று என் வீட்டில் ஆளுக்கொரு திரை. எனினும், கதையைப் பாதியில் நிறுத்தும் பழைய விதியை என் மகள் எப்படியோ தானே கண்டுபிடித்துவிட்டாள். 2015இல் திரைக்கு வந்த காக்கா முட்டை படத்தை அண்மையில் அம்மாவும் அவளும் நானும் சேர்ந்து வீட்டில் பார்த்தோம். இயக்குநர் மணிகண்டனின் அந்தப் படத்துக்குச் சிறந்த குழந்தைகள் திரைப்படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. பீட்சாவுக்கு ஏங்கும் இரு சிறுவர்களுக்காக, அவர்களுடைய ஆயா ஒரு விளம்பரத் தாளிலுள்ள படத்தைப் பார்த்துத் தோசை மாவில் ஒன்றைச் செய்து தருவார். பேரன்கள் அதை ஏற்கமாட்டார்கள். அந்த இடத்தில் மகள் படத்தை நிறுத்திவிட்டாள்.

“பாட்டி, நீங்க செஞ்சு குடுத்து யாராவது வேண்டாம்னு சொல்லியிருக்காங்களா?”

அம்மா சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அக்கா கேக் கேட்டு அழுத ஒரு பிறந்தநாளைப் பற்றிச் சொன்னார். ரவையும் வெல்லமும் கலந்து இட்லிச் சட்டியில் வேகவைத்துக் கொடுத்தாராம். அக்கா அதைத் தொடவே இல்லையாம். நள்ளிரவில் அம்மா விழித்தபோது, அடுப்படி இருட்டில் தனியே உட்கார்ந்து அவள் தின்றுகொண்டிருந்தாளாம். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் அம்மா திரும்பிப் படுத்துக்கொண்டாராம். இத்தனை ஆண்டுகளில் எனக்கு இதை அவர் சொன்னதே இல்லை. மகள் உடனே அத்தையைத் தொலைபேசியில் அழைத்துவிட்டாள். படத்தின் எஞ்சிய பகுதியை மறுநாள்தான் பார்த்தோம்.