தான்றி மரத்தை எண்ணியவன்

என் அக்கா மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். வாரக் கடைசியில் பாலக்கோடு வரும்போதெல்லாம் சட்டைப்பையில் சின்ன நோட்டு ஒன்று இருக்கும். முன்பக்கத்தில் பெட்ரோல் செலவு, சீட்டுப் பணம். நடுப்பக்கத்தைத் திருப்பினால் கோடுகள். நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து, தக்காளி மண்டியில் பெட்டி எண்ணுகிறவர்கள் போடுவது போலவே கட்டுக் கட்டாக இருந்தது.

"எத்தனை பெட்டிடா இது?"

"பெட்டி இல்ல மாமா, சுத்து. கென்ஷின்ல எழுபத்தொண்ணு ஆயிடுச்சு."

கென்ஷின் இம்பாக்ட் என்பது 2020 செப்டம்பரில் வெளிவந்த விளையாட்டு. அதில் வீரர்களைக் குலுக்கலில் எடுக்கும் ஒரு சுற்றுக்கு 160 கற்கள். அபூர்வமான ஐந்து நட்சத்திர வீரன் விழுவதற்கு அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு ஆறு. ஆனால் 90 சுற்றுக்குள் ஒன்று விழுந்தே தீர வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அதைப் பையன்கள் 'பிட்டி' என்கிறார்கள். இரக்கம்! விழுந்தவன் நாம் கேட்ட ஆளாக இல்லாவிட்டால், அடுத்து விழுகிறவன் கேட்ட ஆள்தான். மிஞ்சிப் போனால் 180 சுற்று.

அவன் நோட்டில் இன்னொரு கணக்கும் இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த விஷயத்தில் ஆசை பிறந்தது. தினமும் கொடுக்கிற சின்ன வேலைகளை முடித்தால் 60 கல் சும்மா கிடைக்கும். மாதச் சந்தா கட்டினால் நாளுக்கு 90 கல். இரண்டும் சேர்ந்தால் 150. ஒரு சுற்றுக்குப் பத்து குறைவு. சந்தா கட்டிய அன்றே 300 கற்கள் மொத்தமாகத் தருகிறார்கள். அதை முப்பது நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்குப் பத்து. ஆக, சரியாக 160. நாளுக்கு ஒரு சுற்று. 180 சுற்றுக்கு ஆறு மாதச் சந்தா. "இதுக்கு மேல ஒரு ரூபா போடறதில்ல மாமா. ஆறு மாசத்துக்கு ஒரு ஆள் போதும்" என்றான். பேருந்தில் உட்கார்ந்து, பேனாவால் போட்ட கணக்கு அது.

இத்தகைய விளையாட்டுகளுக்குக் 'காச்சா' என்று பெயர். ஜப்பானில் காசு போட்டுக் கைப்பிடியைத் திருகினால் பொம்மைக் குப்பி விழும் இயந்திரத்தின் சத்தத்திலிருந்து வந்த சொல். எங்கள் பள்ளிக்கூட வாசலிலும் அது இருந்தது, சத்தமில்லாமல். பெட்டிக்கடையில் ஒரு பரிசு அட்டை தொங்கும். நூறு சின்னக் காகிதங்கள் ஒட்டியிருக்கும்; நாலணா கொடுத்து ஒன்றைக் கிழிக்க வேண்டும். உள்ளே இருக்கும் எண்ணுக்குப் பலூன், ஊதல், நடிகர் படம். உச்சியில் ஒரு கைக்கடிகாரம். நீலப் பட்டை, முள் ஓடாது. அந்த முள் ஓடாத கடிகாரத்துக்காக நான் எத்தனை நாள் மதியச் செலவுக் காசைக் கொடுத்தேன் என்று இப்போதும் சொல்ல முடியும்: பதினேழு நாள்.

அந்த அட்டையில் ஒரு நியாயம் இருந்ததாக நம்பினேன். நூறில் ஒன்று என்றால் நூறாவது காகிதத்துக்குள் அது வந்தாக வேண்டும். ஒருவன் தோற்கத் தோற்க, மிச்சமிருப்பவனுக்கு வாய்ப்புக் கூடும். இரக்க விதி இல்லாமல் போனில் சுற்றுகிற சக்கரத்துக்கு அந்த ஞாபகம் கிடையாது. நூறில் ஒன்று என்று சொல்கிற சக்கரத்தை நூறு பேர் ஆளுக்கு நூறு முறை சுற்றினால், ஏறக்குறைய முப்பத்தேழு பேர் வெறுங்கையோடு எழுந்து போவார்கள். ஆயிரத்துக்கு ஆறு என்பதை இரக்க விதி இல்லாமல் 90 முறை சுற்றினால் நூற்றில் ஐம்பத்தெட்டு பேருக்கு ஒன்றும் விழாது. அந்த விதி இல்லாத ஆட்டத்தில் 'இத்தனை தடவை போட்டாச்சு, அடுத்தது விழுந்துடும்' என்று நினைத்துக் காசு போடுகிறவன், பெட்டிக்கடை அட்டையைத் தொட்ட கையோடு அங்கே போனவன்.

எங்கள் அட்டையும் ஒருநாள் தீர்ந்தது. நூறு காகிதமும் கிழிந்த பிறகும் கடிகாரம் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் ஆறு பேர் நின்று பார்த்தோம். கடைக்காரர் அதைக் கழற்றிப் புது அட்டையில் கட்டினார். வாய்ப்பு எவ்வளவு என்று விளையாட்டு நிறுவனங்கள் எழுதி வைக்க வேண்டும் என்ற விதியைச் சீனா 2017-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்ததும், பல துண்டுகளையும் சேர்த்தால்தான் பெரிய பரிசு என்ற 'முழுக் காச்சா' முறை சட்டப்படி செல்லாது என்று ஜப்பான் 2012-இல் அறிவித்ததும் எனக்குத் தூரதேசச் செய்தியாகப் படவில்லை. அந்த ஆறு பேரில் ஒருவனாகத்தான் அவற்றைப் படித்தேன்.

நோட்டைப் பார்த்த அன்றிரவு நளன் நினைவுக்கு வந்தான்.

மகாபாரதத்தின் வனபர்வத்தில், எல்லாவற்றையும் சூதில் தோற்றுக் காட்டில் உட்கார்ந்திருக்கும் தருமனுக்குப் பிருகதசுவர் என்ற முனிவர் சொல்லும் கதை அது. சூதில் நாடிழந்த நளன் உருமாறி, வாகுகன் என்ற பெயரில் அயோத்தி அரசன் இருதுபன்னனுக்குத் தேரோட்டுகிறான். அவன் மனைவி தமயந்திக்கு மறுபடி சுயம்வரம் என்று செய்தி வருகிறது. ஒரே நாளில் விதர்ப்பம் போய்ச் சேர வேண்டும். தேர் பறக்கிறது. அரசனின் மேலாடை நழுவி விழுகிறது. எடுக்கச் சொல்வதற்குள் அது ஒரு யோசனை தூரம் பின்னால் போய்விட்டது. அந்த வேகத்தில் ஒரு தான்றி மரம் வருகிறது. அரசன் அதைப் பார்த்த மாத்திரத்தில் கணக்குச் சொல்கிறான்: இரண்டு கிளைகளில் ஐந்து கோடி இலை, 2095 காய்.

நளன் தேரை நிறுத்திவிடுகிறான்.

நேரமில்லை என்று அரசன் துடிக்கிறான். நளன் அசையவில்லை. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்கிறான். அவன் மனைவியின் சுயம்வரத்துக்கு அல்லவா போகிறார்கள்! அவனுக்கு இல்லாத அவசரமா? ஆனாலும் இறங்குகிறான். மரத்தை வெட்டிச் சாய்க்கிறான். எண்ணுகிறான். சரியாக இருக்கிறது. எப்படிச் சொன்னாய் என்று கேட்கிறான். சூதின் மர்மமும் எண்ணும் எனக்கு வசம் என்கிறான் அரசன். குதிரை வித்தையைக் கொடுப்பதாகச் சொல்லிச் சூதின் வித்தையை நளன் வாங்கிக்கொள்கிறான். அந்த நிமிடம், அவனைப் பிடித்துச் சூதில் தோற்க வைத்த கலி அவன் உடம்பிலிருந்து வெளியேறித் தான்றி மரத்துக்குள் போய் ஒளிகிறான். அந்தக் காலத்தில் சூதாடியதே தான்றிக் கொட்டைகளை உருட்டித்தான். அதனால்தானோ என்னவோ கலி புகுவதற்கு அந்த மரம்.

கலி நளனை ஆட்டிவைத்த காலமெல்லாம் அவன் எதையும் எண்ணவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. பொன் போனது, தேர் போனது, நாடு போனது. எண்ணக் கற்றதும் கலி இறங்கிவிட்டான். கதை முடிந்த பிறகு பிருகதசுவர் தருமனுக்கும் அந்த வித்தையைக் கற்றுக்கொடுக்கிறார். இந்தச் செய்தியை எங்கள் தருமபுரிப் பக்கத்துப் பாரதக் கூத்தில் நான் பார்த்ததில்லை. சூதும் துகிலும் விடிய விடிய நடக்கும். தருமன் காட்டில் உட்கார்ந்து கணக்குப் படித்த ராத்திரியையும் யாராவது ஆட வேண்டும் என்பது என் ஆசை.

தை மாதத்தில் அக்கா மகனோடு அரூர் வழியாகச் சித்தேரி மலைக்குப் போனேன். எங்கள் ஆயா திரிபலாச் சூரணத்துக்குக் கடுக்காய், நெல்லி, தான்றி மூன்றையும் வாங்கி வைத்திருப்பாள். அதில் தான்றியை மரத்தில் பார்த்ததேயில்லை. மலைப்பாதை ஓரத்தில் ஒரு பெரியவர் காட்டினார். இலை பாதி உதிர்ந்திருந்தது. கொத்துக் கொத்தாக, மண் நிறத்தில், மெல்லிய வெல்வெட் போர்த்தியது போன்ற காய்கள். கீழே விழுந்த ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்து, நளன் கதையை முழுவதும் சொன்னேன்.

அவன் அண்ணாந்து வெகுநேரம் பார்த்தான்.

"மரத்த வெட்டியிருக்க வேண்டாம் மாமா" என்றான். "ஒரு கொப்ப எண்ணினாப் போதும். அது மாதிரி எத்தன கொப்புன்னு பாத்துப் பெருக்கிக்கலாம்."

சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தான். தாழ்ந்திருந்த கிளையைப் பிடித்துக்கொள்ளும்படி என்னிடம் சொல்லிவிட்டு, புதுப் பக்கத்தில் முதல் கோட்டைப் போட்டான்.