பின்கோடும் பின் நம்பரும்

எங்கள் மேற்குத் தாம்பரத்துக்கு 600045. ரயில் பாதையைத் தாண்டினால் கிழக்குத் தாம்பரம் 600059. 1972-ல் வந்த இந்த ஆறு இலக்கம் கடிதத்துக்கு மட்டும்தான் என்றிருந்தேன்.

டல்லாஸில் பெண் வீட்டுக்குப் போயிருந்தபோது, "இன்னிக்குப் பெட்ரோல் என் செலவு" என்று என் கிரெடிட் கார்டைச் செருகினேன். பங்க்கில் போட ஆளில்லை. நாமே போட வேண்டும். மெஷின் 'ஜிப் கோடு' கேட்டது. அங்கே ஐந்தே இலக்கம். நம்முடையது எப்படி நுழையும்? திருட்டுக் கார்டைப் பிடிக்க, கார்டுக்காரரின் விலாசத்தோடு ஒத்துப் பார்க்கிறதாம்! "உள்ளே போய்க் கொடும்மா" என்றாள் பெண். கல்லாவில் வேலை முடிந்தது.

ஊர் திரும்பிய வாரம், ஜி.எஸ்.டி. ரோடு பங்க்கில் பையன் "பின் நம்பர்?" என்றதும், ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண் நாலு எண்ணையும் உரக்கச் சொல்லிவிட்டாள். முன்னால் குழந்தை, பின்னால் வரிசை, பாவம், அவசரம். எனக்குப் பகீரென்றது. நானும் அப்படிச் சொன்னவள்தானே! "முதல்ல நம்பரை மாத்திடும்மா" என்றேன்.

சகோதரிகளே, பின்கோடு தபால்காரருக்கும் தெரியும். பின் நம்பர் நம் விரலுக்கு மட்டும் தெரிந்தால் போதும். மெஷினைக் கையில் வாங்கி, மறைத்து அழுத்துங்கள். வரிசை காத்திருக்கட்டும்!