ஆற்றங்கரைச் சோறு

பிள்ளைப்பாக்கத்தில் ஆறு இல்லை, ஏரி உண்டு. மழை மிகுந்த ஆண்டுகளில் அது நிறைந்து வழியும் நீர் செம்பரம்பாக்கம் ஏரியைச் சென்று சேரும். ஊரையொட்டிச் சிப்காட் தொழிற்பூங்கா விரிந்து கிடக்கிறது. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே அமைந்த இத்தொழில்தடத்தில், விடியலிலும் பிற்பகலிலும் நள்ளிரவிலும் பேருந்துகள் தொழிலாளரை ஏற்றி இறக்குகின்றன. அவர்களுள் திருவாரூர், நாகப்பட்டினம், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து விடுதிகளில் தங்கியுள்ள இளம்பெண்களும் உளர். ஆடி பதினெட்டாம் நாள் அவர்களுக்குப் பணிநாளே. காவிரிக்கரையில் அம்மாவும் அத்தையும் அமர்ந்து உண்ணும் காட்சி கைபேசியில் வந்து சேரும். அதைப் பார்த்து முடிப்பதற்குள் உணவு இடைவேளை முடிந்துவிடும்.

அவர்கள் இழந்தது என்ன? சோற்றின் சுவை மட்டும் என்றால் அதைக் கடையிலேயே வாங்கிவிடலாம். இதனை அறியக் காவிரிக்கரைக்கே சென்று பார்க்க வேண்டும்.

ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரை வீடுகளில் அடுப்பு விடியுமுன்பே எரியத் தொடங்கும். புளியைக் கெட்டியாகக் கரைத்து, நல்லெண்ணெயில் கடுகும் கடலைப்பருப்பும் மிளகாய்வற்றலும் பெருங்காயமும் தாளித்து, எண்ணெய் மேலே பிரிந்து மிதக்கும்வரை காய்ச்சுவார்கள். வறுத்துப் பொடித்த வெந்தயம் இறுதியில் சேரும். புளியும் உப்பும் எண்ணெயும் கூடிக் காக்கும் அச்சோறு மறுநாளும் கெடுவதில்லை. தேங்காய்ச்சோறு அப்படியன்று, வெயில் ஏறினால் ஊசிவிடும், ஆகையால் அதுவே முதலில் பரிமாறப்படும். தயிர்ச்சோற்றில் தயிரைக் காட்டிலும் பாலையே மிகுதியாக ஊற்றிப் பிசைவார்கள். ஆற்றங்கரையை அடைந்து இலை விரிக்கும் வேளையில் அது புளிக்காமல் அளவாக உறைந்திருக்கும். எந்த நூலையும் பாராமல் காலத்தையும் வெப்பத்தையும் கணக்கிட்ட இந்த அறிவுக்கு உரிய மதிப்பை நாம் இன்னும் தரவில்லை என்றே தோன்றுகிறது.

மாலையில் தூக்குவாளிகளோடு குடும்பங்கள் படித்துறைக்கு வரும். சிறுவர்கள் சிறு சப்பரங்களை இழுத்து வருவார்கள். முளைப்பாரியும் காதோலை கருகமணியும் ஆற்றுக்குப் படைக்கப்படும். வெல்லமும் எள்ளும் கலந்த காப்பரிசி எல்லார் கையிலும் சிறிது விழும். அதன்பின் மணலில் வட்டமாக அமர்வார்கள். ஒரு வீட்டு எலுமிச்சைச்சோறு இன்னொரு வீட்டு இலைக்குப் போகும். அந்த வீட்டு மாவடு இந்த இலைக்கு வரும். வயதில் மூத்தவர் ஒருவர் பெரிய பாத்திரத்தில் சோற்றைப் பிசைந்து, சுற்றியிருக்கும் பிள்ளைகளின் கையில் உருண்டை உருண்டையாக வைப்பார். முதியோரைக் காக்க வீட்டில் தங்கியவர்களுக்கு ஒரு பங்கு முன்னதாகவே எடுத்து மூடி வைக்கப்படும்.

புதுப்புனல் வரும் நாளில் மக்கள் திரண்டு ஆற்றுக்குச் செல்லும் வழக்கம் மிகப் பழையது. பரிபாடலில் வையையைப் பற்றிய பாடல்கள் மதுரை மாந்தரின் புனல்விழாவை விரித்துரைக்கின்றன. ஆறில்லாத ஊர்களில் இதன் உறவான நிலாச்சோறு உண்டு. முழுநிலா நாளில் வீட்டுக்கொரு கறியும் சோறும் கொண்டுவந்து, முற்றத்திலோ ஊர்ப்பொதுவிலோ கூடி உண்பதே அது.

இவ்வுணவுக்கும் விருந்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. திருமணப் பந்தியில் இடுபவர் ஒருவர், உண்பவர் பலர். யாரை முதற்பந்தியில் அமர்த்துவது, யாருக்கு எந்த இலை என்பதெல்லாம் இடுபவர் வசம் இருக்கும். உண்பவர் நன்றிக்கடன் படுகிறார். கூட்டாஞ்சோற்றில் விருந்தோம்புபவர் என்று தனியே ஒருவர் இல்லை. கால்படி அரிசி கொண்டுவந்தவளும் அரைமூடித் தேங்காய் கொண்டுவந்தவளும் ஒரே வட்டத்தில் அமர்கிறார்கள். கொடுத்தவரே பெறுகிறார், எனவே யாரும் தலைகுனிய வேண்டியதில்லை.

ஆயினும் அந்த வட்டம் எல்லாரையும் உள்ளே விட்டதா என்ற வினாவையும் கேட்டாக வேண்டும். ஆற்று நீர் பொதுவாக ஓடிய காலத்திலும் பல ஊர்களில் படித்துறைகள் பொதுவாக இருந்ததில்லை. பொருநைக் கரையில் வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் மாணவர் சிலருக்குத் தனியே உணவளிக்கப்பட்டது. தமிழ்நாடு காங்கிரஸ் அளித்த ரூ.5,000 பொதுப்பணமும் அக்குருகுலத்துக்குச் சென்றிருந்தது. 1924, 1925ஆம் ஆண்டுகளில் வரதராசலு நாயுடுவும் பெரியாரும் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். நாட்டு விடுதலைக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்ய எழுந்த பள்ளி, அவர்களை ஒரே வரிசையில் அமர்த்தி உண்பிக்க இயலாமல் தடுமாறியது. அச்சிக்கல் தமிழக அரசியலின் போக்கையே மாற்றியது. கோயில்களில் அரசு நடத்தும் பொதுவிருந்துக்குப் பின்னால் இத்தகைய நீண்ட வழக்கு இருக்கிறது.

ஆற்றுச் சோற்றுக்கு ஆறும் வேண்டுமல்லவா? 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபின், காவிரிக்கரையில் ஆடிப்பெருக்கின் நிறைவு அணையின் நீர்மட்டத்தைப் பொறுத்ததாயிற்று. குறுவைக்காக ஜூன் 12ஆம் நாள் அணையைத் திறப்பது மரபு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அந்நாளில் அணை திறக்கப்படவில்லை. நீரில்லாத ஆண்டில் மணலில் ஊற்றுத் தோண்டி, அதில் சுரந்த சிறிதளவு நீரையே காவிரியாக எண்ணிப் படைத்தார்கள். சோறு அப்போதும் பகிரப்பட்டது. வயலில் வேலை இல்லாத குடும்பங்களின் பிள்ளைகளோ வேலை தேடி வடக்கே பயணமானார்கள். ஒரகடத் தடத்தின் விடுதிகளில் டெல்டாவின் பேச்சு ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே அவர்களுக்குச் சோற்றுக்குப் பஞ்சமில்லை. 250 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் உணவகம் அமைக்கவும், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் குறைந்தது அரை மணி இடைவேளை தரவும் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகை செய்தது. போராடிப் பெற்ற உரிமை அது, எளிதாக எண்ணத்தக்கதன்று. எனினும் குழிகள் பிரித்த எஃகுத் தட்டில் அவரவர் பங்கு அளந்து விழுகிறது. பக்கத்துத் தட்டுக்கு எடுத்து வைக்க எதுவும் மிஞ்சுவதில்லை. பேசவும் நேரம் மிஞ்சுவதில்லை.

அந்தச் சோறும் எப்போதும் நல்லதாக அமையவில்லை. 2021 டிசம்பரில், இத்தடத்தில் பணிபுரிந்த பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவுண்ட இருநூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். தோழியர் நிலை அறியாது கலங்கிய பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் திரண்டு அமர்ந்தனர். தம் தட்டில் விழும் உணவு எங்கே, யாரால், எப்படிச் சமைக்கப்படுகிறது என்று கேட்கும் உரிமையை அவர்கள் அன்று சாலையில் நின்று கேட்டார்கள். 2024 ஆகஸ்டில் அருகிலுள்ள வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கத்தக்க குடியிருப்பு திறக்கப்பட்டது. ஒரு சிற்றூரின் மக்கள்தொகையை விடப் பெரிது அது. அத்தனை பேருக்கும் ஒரே உலையில் வெந்த சோறு கிடைக்கலாம். கூடியமர்ந்து உண்ணும் வட்டத்தை அவர்களேதாம் அமைத்துக்கொள்ள வேண்டும்.

அதனை அமைப்பவர்களும் உண்டு. ஊருக்குப் போய்த் திரும்பும் பெண்களின் பைகளில் புளிக்காய்ச்சல் புட்டியும் பருப்புப்பொடியும் மாவடுவும் இருக்கும். விடுமுறை மாலையில் மாடியில் செய்தித்தாள் விரிக்கப்படும். விடுதியில் வாங்கிய வெறுஞ்சோற்றில் தஞ்சைப் புளிக்காய்ச்சல் கலக்கும். தருமபுரிப் பெண் நிலக்கடலைத் துவையல் எடுத்து வருவாள். ஒடிசாவிலிருந்து வந்தவள் தன் ஊரின் வறுத்த வடகத்தை நொறுக்கித் தூவுவாள். யார் எந்தத் தெரு என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எட்டத்தில் ஏரிநீர் ஒரு கோடாகத் தெரியும். கைகழுவ எழுமுன், இரண்டாம் முறைப்பணி முடிந்து நள்ளிரவில் வரப்போகிறவளுக்காக ஒரு கிண்ணத்தில் பங்கு எடுத்து, அதன்மேல் தட்டைக் கவிழ்த்து மூடி வைக்கிறார்கள்.