விடுதலைப் பூங்காவில் ஒரு பகல்

சென்ற திங்களில் ஒரு நாள், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அறுபது பேரை ஓசூரில் நெடுஞ்சாலையோரம் வரிசையாக நிறுத்தினேன். பெரிய மனிதர் ஒருவர் அவ்வழியே செல்கிறாராம். கையசைக்கக் குழந்தைகள் வேண்டுமாம்! பத்து மணிக்கு வரவேண்டியவர் ஒன்றரைக்கு வந்தார். வந்தாரா? வண்டி வந்தது, கண்ணாடி ஏற்றியிருந்தது. அதற்குள் சிறுமி ஒருத்தி மயங்கி விழுந்துவிட்டாள். அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தபடியே, "வரிசை கலையாதீர்கள்!" என்று மற்றவர்களை அதட்டினேன். ஆம், நான்தான் அதட்டினேன்.

அந்தக் குரல் காதைவிட்டு அகலாத நிலையில்தான் ஒரு சனிக்கிழமை பெங்களூர் சென்றேன். சிப்காட் தொழிலாளரை ஏற்றிவரும் வண்டிகளுக்கிடையே ஊர்ந்து, அத்திப்பள்ளி கடந்து, சுமார் 40 கிலோமீட்டர். சேஷாத்ரி சாலையில் இருக்கிறது விடுதலைப் பூங்கா. முன்பு அது மத்தியச் சிறை. கைதிகளைப் பரப்பன அக்ரகாரத்துக்கு மாற்றிய பிறகு, 2008-இல் பூங்காவாகத் திறந்தார்கள். காவற்கோபுரம் அப்படியே நிற்கிறது.

1975 ஜூன் 26-இல் பெங்களூரில் கைதான வாஜ்பாயும் அத்வானியும் இங்கேதான் அடைபட்டனர். அவர்தம் கொள்கை நமக்கு உடன்பாடன்று. அதனால் அந்தப் பூட்டு நியாயமாகிவிடுமா? நடிகை சினேகலதா ரெட்டி ஆஸ்துமாவோடு எட்டுத் திங்கள் இங்கே மூச்சுக்குப் போராடினார். 1977 ஜனவரி 15-இல் வெளியே விட்டனர். 20-ஆம் நாள் மறைந்தார். சென்னைச் சிறையில் அடிபட்ட நம் சிட்டிபாபு மறைந்ததும் அதே ஜனவரியில்தான்.

சிறையைப் பார்க்கச் சென்றவன் கூட்டத்தைப் பற்றி ஏன் பேசுகிறேன் என்பீர்கள். 1975 ஜூன் 12-இல் அலகாபாத் தீர்ப்பு வந்தது. உடனே டில்லியில் அரசுப் பேருந்துகளில் மக்களை ஏற்றிவந்து, பிரதமர் வீட்டு வாயிலில் வாழ்த்தொலி எழுப்ப வைத்தனர். ஜூன் 20-இல் படகுத்துறைத் திடலில் மாபெரும் பேரணி. பேருந்துகள் வந்த கதையைப் பின்னர் ஷா ஆணையம் பதிவு செய்தது. 25-ஆம் நாள் இரவு நெருக்கடி நிலை! முதலில் ஆரவாரம், ஐந்தாம் நாள் பூட்டு.

நியூரம்பெர்க்கில் 1933 முதல் 1938 வரை ஆண்டுதோறும் இட்லர் கூட்டிய மாநாடுகளோடு இதைச் சமன் செய்யமாட்டேன். இங்கே 21 திங்களில் மக்களே வாக்குச்சீட்டால் முடித்துவைத்தனர். ஆயினும் அங்கும் சிறுவர் அணிவகுத்தனரே! அவர்களை அனுப்பிவைத்த ஆசிரியர்கள் இருந்திருப்பர். "வரிசை கலையாதீர்கள்" என்றிருப்பர். எவர் பெயரும் வரலாற்றில் இல்லை. அதுதான் என்னை அச்சுறுத்துகிறது.

பெங்களூரில் இன்று போராடுவோருக்கு ஒதுக்கும் இடமும் இந்தப் பூங்காதான். (சிறையிருந்த இடத்தில் உரிமை! விந்தைதான்.) அன்று ஊதிய உயர்வு கேட்டுப் பெண்கள் சிலர் அமர்ந்திருந்தனர். எவரும் அவர்களை வரிசையில் நிறுத்தவில்லை. குடிநீரைத் தாங்களே கொண்டுவந்திருந்தனர். தாயின் மடியில் குழந்தை ஒன்று உறங்கிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கு மற்றொரு சுற்றறிக்கை வந்தது. மறுபடியும் வரவேற்பு, மறுபடியும் அறுபது பேர். பெற்றோர் எழுத்தில் இசையாமல், நிழலும் நீரும் இல்லாமல், என் வகுப்பை அழைத்துவர இயலாதென்று எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இன்னும் பதில் சொல்லவில்லை. விழா வெள்ளிக்கிழமை.