இந்தக் கல் எந்த மலை?

மாமல்லபுரத்தைப் பார்க்கச் சென்னையிலிருந்து புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரைச் சாலையிலே போய், அதே சாலையிலே திரும்பிவிடுகிறார்கள். சற்றுச் சுற்றுவழியானாலும், செங்கற்பட்டில் ரயிலை விட்டு இறங்கித் திருக்கழுக்குன்றம் மார்க்கமாகப் போவதையே நேயர்களுக்குச் சிபாரிசு செய்வேன். சிற்பத்தைக் கடற்கரையில் பார்க்கலாம். அந்தச் சிற்பத்துக்குத் தாயான கல்லின் கதையை இந்த வழியிலேதான் படிக்க முடியும்.

கதையின் முதல் ஏடு, செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள வல்லம். மகேந்திரவர்ம பல்லவனுக்கு அடங்கிய வசந்தப்பிரியராசன் என்பவனின் மகன் கந்தசேனன், இங்கே குன்றைக் குடைந்து ஈசனுக்குக் கோயில் எடுப்பித்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய எதுவும் இல்லாமல் கோயில் அமைத்ததாக மகேந்திரன் மண்டகப்பட்டில் சாசனம் பொறித்திருக்கிறான் அல்லவா? அந்தக் காலத்து வேலைதான் இதுவும். ஏறக்குறைய 1,400 ஆண்டுகள் சென்றுவிட்டன. கோயிலும் இருக்கிறது, குன்றும் இருக்கிறது.

அங்கிருந்து கிழக்கே சென்றால் திருக்கழுக்குன்றம். வேதகிரீசுவரர் உச்சியில் எழுந்தருளியிருக்கும் மலையின் சரிவில், பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபத்தையும் காணலாம். தெய்வம் குடியிருப்பதால் இந்த மலையின் மேல் யாரும் வெடி வைக்கவில்லை. தெய்வம் குடியேறாத குன்றுகளுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. இந்த ஜில்லாவில் பாதியாய் நிற்கும் குன்றுகள் பல. குன்று இருந்த இடத்தில் பெரும் பள்ளமும் அதில் தேங்கிய தண்ணீருமாய்க் கிடப்பவையும் உண்டு. 2017-லும் 2019-லும் சென்னை தாகத்தால் தவித்தபோது, மாங்காட்டுக்கு அருகே சிக்கராயபுரத்துக் கல்குவாரிப் பள்ளங்களில் தேங்கிய நீரைச் சுத்திகரித்து நகரத்துக்குக் கொடுத்தார்கள். உடைத்த மலை தன் பள்ளத்தால் ஒரு முறை உபகாரம் செய்தது என்று சமாதானம் கொள்ளலாம். மலை திரும்பி வரப்போவதில்லை.

மாமல்லபுரத்துக்குள் நுழைந்ததும் உளியின் ஓசை வரவேற்கிறது. 1957-ல் தொடங்கிய அரசாங்கச் சிற்பக் கல்லூரி இங்கே இருக்கிறது. இவ்வூர்க் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஸ்தபதிகள் கல்லைத் தேர்ந்தெடுக்கும் விதம் கவனிக்கத் தக்கது. தட்டினால் எழும் நாதத்தைக் கொண்டு ஆண் கல், பெண் கல், இரண்டுமற்ற கல் என்று பிரிப்பது சிற்ப மரபு. முதலாவது தேவனுக்கு, இரண்டாவது தேவிக்கு, மூன்றாவது பீடம் முதலியவற்றுக்கு. மூன்றில் எதுவும் வீணாவதில்லை. ஒரு பாறைத் துண்டு பல மாத உழைப்பைப் பெற்று, பல தலைமுறைகள் நிற்கும் பொருளாகிறது. அதே துண்டு ஜல்லி இயந்திரத்துக்குள் விழுந்தால் சில நிமிஷங்களில் கதை முடிந்துவிடுகிறது.

அப்படியானால் வீடும் பாலமும் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்; சந்தேகமில்லை. ஆனால் அதன் விலை என்ன என்பதை அறியத் தெற்கே சிறிது தூரம் போய்ப் பாலாற்றைப் பார்க்க வேண்டும். நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் நடந்து வாயலூர் அருகே கடலை அடையும் இந்த ஆறு, வருஷத்தில் பெரும் பகுதி மணலுக்கு அடியிலேதான் ஓடுகிறது. அந்த மணலே அதன் தண்ணீர்ப் பெட்டகம். தாம்பரம், பல்லாவரம் முதலிய ஊர்களுக்குக் குடிநீரும், கல்பாக்கம் அணு நிலையத்துக்கு நன்னீரும் அந்தப் பெட்டகத்திலிருந்தே போயிருக்கின்றன. மணலை அளவின்றி அள்ளினால் ஊற்று வற்றும். கரையோரக் கிணறுகள் ஆழத்துக்கு இறங்கும். முகத்துவாரத்தில் கடல்நீர் உள்ளே புகும்.

மணல் எடுக்கும் வேலையை 2003-ல் தமிழக அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரியானாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2012-ல் தீர்ப்பளித்தது. ஆற்று மணல் அருகவே, பாறையை அரைத்துச் செய்யும் ‘எம் சாண்ட்’ பெருகிற்று. ஆற்றைக் காப்பாற்றும் பொருட்டு மலையை அரைக்கிறோம்! ஒரு கடனை அடைக்க வேறொரு கடன் வாங்குகிற குடும்பஸ்தனின் நிலைமைதான் இது.

தஞ்சையில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா, 1945-ல் வெளிவந்த தம் பொருளாதார நூலில் இதற்கு வழி காட்டியிருக்கிறார். நாட்டின் செல்வத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். பருத்தியும் மரமும் மீண்டும் மீண்டும் விளைகிற, ஓடும் செல்வம். நிலக்கரியும் உலோகமும் எடுக்க எடுக்கக் குறைகிற, தேங்கிய செல்வம். தேங்கியதை நம்பிக் குடித்தனம் நடத்தலாகாது என்பது அவர் கருத்து. மலையும் தேங்கிய செல்வமே. ஆற்று மணலை வெள்ளம் கொண்டுவரும். ஆனால் நாம் அள்ளும் வேகத்தில் கொண்டுவராது. ஆகவே குறைவாய் எடுப்பதும், எடுத்ததை நீண்ட நாள் நிலைக்கும்படி உபயோகிப்பதும், இடித்த வீட்டின் கல்லையும் காறையையும் திரும்பப் பயன்படுத்துவதுமே விவேகம். இடிபாடுகளைப் பற்றி மத்திய அரசாங்கம் 2016-லேயே விதிகள் வகுத்திருக்கிறது.

கல் மட்டுமல்ல, கல் உடைக்கும் கைகளும் நம் கவலைக்கு உரியவை. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-ல் சட்டம் செய்தும், முன்பணத்துக்குக் கட்டுண்ட குடும்பங்களைக் குவாரிகளிலிருந்து மீட்க வேண்டியிருந்தது. கல் தூசி நுரையீரலைத் தின்னும் நோயோ, குவாரித் தொழிலாளியையும் சிற்பியையும் ஒன்றாகவே பாவிக்கிறது.

துணி வாங்கும்போது ‘நூற்றவர் யார், நெய்தவர் யார்?’ என்று கேட்கக் காந்தியடிகள் இந்தத் தேசத்துக்குக் கற்றுக்கொடுத்தார். வீடு கட்டுகிறவர்களும் அதே கேள்வியைக் கேட்கலாம். வாசலில் லாரி வந்து நின்றதும், ‘இந்தக் கல் எந்த மலை? நடைச்சீட்டு எங்கே?’ என்று விசாரியுங்கள். ஒரு வீட்டுக்காரர் கேட்டால் லாரிக்காரர் சிரிப்பார். தெருவெல்லாம் கேட்டால், சீட்டோடுதான் வருவார்.