மோட்டார் ஏறாத மலையில் மூன்று நாள்கள்

மும்பைவாழ் தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் மே மாதம். மே மாதம் என்றால் ஊர்ப் பிரயாணம். முன்பதிவு தொடங்கும் அன்று காலையிலேயே தென்னாட்டு வண்டிகளில் இடம் தீர்ந்துபோவதை, ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் நாங்கள் ஆண்டுதோறும் கண்டு வருகிறோம். பயணத்திற்கு 60 நாள்களுக்கு முன்னர்தான் பதிவு செய்யலாம் என்று 2024 நவம்பரில் விதி மாறிய பின்னரும் நெரிசல் குறைந்தபாடில்லை.

ஊரில் வீடு உள்ளவர்களுக்கு இந்தச் சிரமமும் ஒரு சுகமே. வீடு இல்லாதவர்கள் எங்கே போவது? அம்பாசமுத்திரத்துக்கு அருகே எங்கள் தந்தையார் பிறந்த வீடு, பாட்டியார் காலமானபின் பாகப்பிரிவினையில் விலை போயிற்று. "இனி யார் வாசலில் போய் இறங்குவது?" என்று சொல்லிவிட்டு, அதன் பிறகு இரண்டு கோடைகள் அவர் தாராவி வீட்டை விட்டு அசையவில்லை. எங்கள் பிள்ளைகள் இருவரும் இங்கேயே பிறந்தவர்கள். விடுமுறை என்றால் அவர்களுக்கு மாடிப்படியும் கைப்பேசியும்தான். பள்ளியில் 'உன் சொந்த ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது மகள் எங்களைப் பார்த்த பார்வைக்கு எங்களிடம் விடை இல்லை. ஆகவே 2024 நவம்பரில், தீபாவளி கழிந்த கையோடு, மாத்தேரான் மலையில் மூன்று நாள்களுக்கு ஒரு சிறு குடிலை வாடகைக்கு எடுத்தோம்.

நேரல் வரை செல்வதில் எவ்விதத் தொல்லையும் இல்லை. மாதுங்கா, தாராவி அன்பர்கள் தாதரில் கர்ஜத் வண்டி பிடிக்கலாம். செம்பூர்க்காரர்கள் குர்லாவில் மாறிக்கொள்ளலாம். இரண்டு மணி நேரத்துக்குள் மலையடிவாரம் வந்துவிடும். அங்கிருந்து புறப்படும் சிறு ரயிலைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். எங்கள் தொழில் அப்படி. இரண்டே அடி அகலமுள்ள இந்தப் பாதையை, ஆதம்ஜி பீர்பாய் என்ற பம்பாய் வணிகரின் பணத்தைக் கொண்டு அவர் மகன் அப்துல் ஹுசேன் 1904 முதல் 1907 வரை பாடுபட்டு அமைத்தார். 20 கிலோமீட்டர் சொச்சம் தூரத்தைக் கடக்க இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. போர் கணவாயில் 37 அடிக்கு ஓரடி ஏற்றம் என்பதையே பெரிதாகச் சொல்வார்கள். இங்கே சில இடங்களில் 20 அடிக்கு ஓரடி! 2005 பெருமழையில் பாதை அரித்துப் போய் 2007-ல் சீரடைந்தது. 2019 மழையில் மீண்டும் சிதைந்து 2022 அக்டோபரில்தான் முழுவதும் திறக்கப்பட்டது. வழியில் உள்ள ஒரே சுரங்கம், கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் அளவுக்குச் சிறியது. அதன் செல்லப் பெயரைக் குடும்பப் பத்திரிகையில் எழுதுவது முறையன்று, அறிந்தவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

மலை சுமார் 800 மீட்டர் உயரம். 'உச்சிக் காடு' என்று பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். 1850-ல் தாணே மாவட்டக் கலெக்டராக இருந்த மாலெட் என்ற ஆங்கிலேயர் இதைக் கண்டு வீடு கட்டினார். பின்னர் மற்ற வெள்ளைக்காரர்களும் பார்சிகளும் கட்டிய பங்களாக்கள் மரங்களுக்கிடையே இன்றும் நிற்கின்றன. மோட்டார் வண்டிகள் தஸ்தூரி முனையோடு நின்றுவிட வேண்டும்; அதற்கு மேல் ஆம்புலன்ஸ் போன்ற அவசர வண்டிகளையும் மின்சார ரிக்ஷாக்களையும் தவிர வேறு மோட்டார் வண்டிகளுக்கு வழியில்லை. 2003-ல் மத்திய அரசு இதைச் சுற்றுச்சூழல் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. ஹாரன் சத்தமே இல்லாத ஓர் ஊரில் முதல் அரைமணி நேரம் காது எதையோ தேடித் தவிக்கிறது.

எங்கள் குடில் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில் இருந்த இரண்டறை ஓட்டு வீடு. முன்னால் ஒரு திண்ணை. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மாலியின் மனைவியார் இரவில் சுடச்சுடப் பாக்கரியும் ஜுண்காவும் செய்து தந்தார். தந்தையார் கட்டிலை மறுத்துத் திண்ணையிலேயே படுத்துக்கொண்டார்.

முதல் நாள் சார்லட் ஏரிக்கும் அதன் கரையிலுள்ள பிசர்நாத் கோயிலுக்கும் சென்றோம். ஊருக்குக் குடிநீர் தரும் ஏரி அது. அடுத்திருந்த எதிரொலி முனையில் மகன் "தாத்தா!" என்று கூவினான். பள்ளத்தாக்கு திரும்பக் கூவியது. "அப்பா, மராட்டிய மலைக்குத் தமிழ் தெரிகிறதே!" என்று அவன் அதிசயித்தான். அங்கிருந்து அவனைக் கிளப்புவது பெரும்பாடாயிற்று.

இரண்டாம் நாள்தான் நாங்கள் சென்றதன் பயனை அடைந்தோம். மலையின் வடகோடியில் பனோரமா முனை இருக்கிறது. கடைத்தெருவிலிருந்து போக வர ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர். சூரியோதயம் காண இருட்டிலேயே புறப்பட்டோம். தந்தையாருக்கு வயது எழுபத்தைந்தை நெருங்குகிறது; ஆகவே மனிதர்கள் கையால் இழுக்கும் வண்டி ஒன்றை அமர்த்தினோம். அவர் வண்டியைப் பார்த்தார். இழுப்பவரின் காலைப் பார்த்தார். "நாற்பது வருஷம் தோல் கட்டுச் சுமந்தவன் நான். இன்னொருவன் முதுகில் ஏறி மலை பார்க்கமாட்டேன்" என்று சொல்லி, பேசிய கூலியைக் கொடுக்கச் செய்துவிட்டு நடந்தார். (இக்கைவண்டிகளை ஆறு மாதங்களுக்குள் ஒழிக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதைப் படித்துக் காட்டியபோது, "இழுத்தவனுக்கு வேறு பிழைப்பு கொடுத்தார்களா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. மின்சார ரிக்ஷாக்களை அவர்களுக்கே கிடைக்கச் செய்ய நீதிமன்றம் வழி சொல்லியிருக்கிறது என்றோம்.)

செம்மண் பாதை. இருபுறமும் நாவல் மரங்கள். பத்தடிக்கு ஒரு முறை நின்று, மகளைப் பிடித்துக்கொண்டு, இலையைக் கசக்கி முகர்ந்து, மரங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். இத்தனை மரங்களை அவர் அறிவார் என்பது முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவரோடு ஒரே அறையில் வாழ்ந்த எங்களுக்குத் தெரியாது! தாராவியில் அதைக் காட்ட மரம் எங்கே இருக்கிறது?

முனையை அடைந்தபோது கிழக்கு வெளுத்தது. கீழே உல்லாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் பனி. அதற்கு அப்பால் சஹ்யாத்திரியின் பெருஞ்சுவர், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கருநீலமாக நின்றது. தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு எங்களைப் பார்த்து, "தம்பி, இது எந்த மலை?" என்றார். மேற்குத் தொடர்ச்சி மலை. தபதி ஆற்றுக்குத் தெற்கே தொடங்கி 1,600 கிலோமீட்டர் ஓடிக் குமரிமுனை அருகே முடிகிறது. பாபநாசத்து மலையும் இதைச் சேர்ந்ததுதான் என்றோம்.

"அப்படியா! ஊரில் இந்த மலைக்குப் பின்னால் சூரியன் விழும். இங்கே அதே மலையிலிருந்து ஏறுகிறது" என்றார். பேரனைத் தோளோடு அணைத்துக்கொண்டு, "ஏலே, இதன் தெற்கு நுனியில்தான் உன் கொள்ளுத்தாத்தா மாடு மேய்த்தார்" என்று கை நீட்டினார். பையன் உண்மையாகவே அங்கே மாடு தெரிகிறதா என்று உற்றுப் பார்த்தான். மகள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் நோட்டுப் புத்தகத்தில் எதையோ வரைந்துகொண்டிருந்தாள். இரவு பார்த்தோம்: நீளமான ஒரு கோடு, மேல் நுனியில் 'நாங்கள்', கீழ் நுனியில் 'ஊர்'.

மூன்றாம் நாளைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஒற்றை மரக் குன்று வரை நடந்தோம். மலை அணில் ஒன்று கிளைக்குக் கிளை பாய்ந்தது. குரங்கு ஒன்று எங்கள் சிக்கிப் பொட்டலத்தை உரிமையுடன் வாங்கிக்கொண்டது.

செல்ல விரும்பும் அன்பர்கள் கவனிக்க வேண்டியவை: மழைக்காலத்தில் நேரலிலிருந்து சிறு ரயில் மேலே ஏறாது, அமன் லாட்ஜுக்கும் மாத்தேரானுக்கும் இடையே மட்டும் ஓடும். சனி, ஞாயிறுகளில் கூட்டமும் வாடகையும் மிகுதி. வார நாள்களே உத்தமம். வெள்ளை வேட்டி வேண்டாம்; செம்மண் சலவைக்குப் போகாது. நல்ல செருப்பும், உண்பண்டங்களை மூடி வைக்கப் பூட்டுள்ள பையும் அவசியம். முதியவர்களை விட்டுவிட்டுச் செல்லாதீர்கள். எங்கள் தந்தையார் அடுத்த பயணத்துக்கு இப்போதே நாவல் விதைகளைக் காகிதத்தில் மடித்து அலமாரியில் வைத்திருக்கிறார். மாலியிடம் திண்ணையோரமாக ஒரு குழி கேட்டிருக்கிறாராம்.