கண்ணாடிக்கு இன்னும் வேலை உண்டு

டிஎஸ்எல்ஆர் கேமராவின் எதிர்காலம் என்று பேச்செடுத்தாலே, முடிந்துபோன கதைக்கு எதற்கு முன்னுரை என்று கேட்பவர்கள் அதிகம். அவர்கள் பக்கம் ஆதாரம் இல்லாமல் இல்லை. நிக்கானின் டி780, டி6, கேனனின் 1டிஎக்ஸ் மார்க் 3 ஆகிய மூன்றும் 2020இல் வந்தவை. அவற்றின் வரிசையில் அடுத்தது வரவில்லை. கேனனின் தலைவர் ஃபுஜியோ மிதாராய், 1டிஎக்ஸ் மார்க் 3தான் தங்கள் கடைசி உச்சநிலை டிஎஸ்எல்ஆர் என்று 2021 இறுதியில் சொல்லிவிட்டார். சோனி, கண்ணாடி உள்ள தன் ஏ மவுண்ட் பாடிகளை அதே ஆண்டில் நிறுத்தியது. இவ்வளவுக்கும் பிறகு, அடுத்த டிஎஸ்எல்ஆர் எப்படி இருக்க வேண்டும் என்று யோசிப்பதில் பொருள் உண்டு என்றே நினைக்கிறேன். ஏனென்றால் அந்தத் தொழில்நுட்பம் வளர இடமில்லாமல் நின்றுபோகவில்லை. அடுத்த படியில் கால் வைத்த நேரத்தில் கைவிடப்பட்டது. அந்தப் படி எது என்பது டி780ஐக் கவனித்தால் தெரியும்.

அதற்கு முன், டிஎஸ்எல்ஆரின் இடத்தைப் பிடித்த, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா எதில் வென்றது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அளவும் எடையும்தான் காரணம் என்பது பொதுவான எண்ணம். டி780 பாடி பேட்டரியோடு 840 கிராம். அதே 24 மெகாபிக்சல் வகுப்பில் உள்ள நிக்கான் இசட்6, 675 கிராம். அந்த வித்தியாசத்துக்காக யாரும் தங்கள் லென்ஸ்களை எல்லாம் விற்றுவிட்டு மாறியிருக்க மாட்டார்கள். உண்மையான வெற்றி ஃபோகஸில் கிடைத்தது. டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியே வரும் ஒளி, சாய்ந்து நிற்கும் கண்ணாடியில் பட்டு மேலே ப்ரிஸத்துக்குப் போய் நம் கண்ணை அடைகிறது. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு சிறு கண்ணாடி, ஒளியில் ஒரு பகுதியைக் கீழே இருக்கும் ஃபோகஸ் சென்சாருக்கு அனுப்புகிறது. ஷட்டரை அழுத்தும்போது இரண்டும் மேலே மடங்க, ஒளி பின்னாலிருக்கும் பட சென்சாரில் விழுகிறது. ஆக, ஃபோகஸை அளப்பது ஓரிடத்தில், படம் உருவாவது வேறிடத்தில். இரண்டு பாதைகளின் நீளத்துக்கும் இடையே மயிரிழை வித்தியாசம் வந்தாலும், கண்ணில் விழ வேண்டிய ஃபோகஸ் காதில் போய் நிற்கும். மிரர்லெஸ் கேமரா படம் விழும் சென்சாரிலேயே அளப்பதால் இந்தச் சிக்கல் அதற்கு இல்லை.

இதற்கு டிஎஸ்எல்ஆர் உலகம் கண்ட மருந்துகள் அரைகுறையானவை. ஒவ்வொரு லென்ஸுக்கும் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்துத் திருத்தம் பதிவுசெய்துகொள்ளும் வசதி பல பாடிகளில் இருந்தது. நிக்கான் 2016இல் வெளியிட்ட டி5, டி500 இரண்டும், லைவ் வியூவோடு (கண்ணாடியை உயர்த்தி, பட சென்சாரின் காட்சியைத் திரையில் பார்க்கும் முறை) ஒப்பிட்டு அந்தத் திருத்தத்தைத் தாமே கண்டுபிடித்தன. சிக்மா, தன் லென்ஸ்களுக்கென ஒரு யூஎஸ்பி டாக் கொடுத்து, ஜூம் லென்ஸில் 4 குவியத் தூரங்கள், ஒவ்வொன்றிலும் 4 தொலைவுகள் என 16 இடங்களில் திருத்த வழிசெய்தது. எல்லாவற்றிலும் ஒரே குறை: கேமராவை ட்ரைபாடில் வைத்து, பொறுமையாக உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை உரிமையாளர் தலையில் விழுந்தது. டி780 இங்கேதான் முக்கியமாகிறது. இசட்6இல் இருந்த, சென்சாரிலேயே ஃபோகஸ் அளக்கும் ஏற்பாட்டை நிக்கான் இந்த டிஎஸ்எல்ஆருக்குள் கொண்டுவந்தது. கண்ணாடி கீழே இருந்தால் அது பழைய டிஎஸ்எல்ஆர். மேலே போனால் அது ஒரு மிரர்லெஸ். இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருந்தும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த பாடி செய்ய வேண்டியது அவற்றைப் பேச வைப்பது. ஒவ்வொரு படமும் எடுக்கப்படும் கணத்தில், ஃபோகஸ் எவ்வளவு விலகியிருந்தது என்ற தகவல் பட சென்சாரில் உள்ள ஃபோகஸ் பிக்சல்களுக்குக் கிடைத்துவிடுகிறது. கீழே இருந்த ஃபோகஸ் சென்சார் சொன்ன அளவையும் இந்த உண்மை அளவையும் கேமரா ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே வரலாம். ஓடும் பொருளை எடுத்த ஒரு படம் பொய் சொல்லலாம். ஐந்நூறு படங்களின் சராசரி சொல்லாது. எந்த லென்ஸ், எந்தக் குவியத் தூரம், எந்தத் தொலைவு என்று தனித்தனியாகத் திருத்தம் தானாகவே தேறிவிடும். சில மாதங்கள் பழகிய கேமரா, புதிதாக வாங்கிய அன்றைவிடத் துல்லியமாக இருக்கும். இது வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாது. தேவையான உறுப்புகள் ஏற்கெனவே ஒரு பாடிக்குள் கூடியிருந்தன, மென்பொருள்தான் எழுதப்படவில்லை.

சரி, இவ்வளவு சிரமப்பட்டுக் கண்ணாடியை ஏன் காப்பாற்ற வேண்டும்? மிரர்லெஸ்ஸை வாங்கிவிட்டுப் போகலாமே என்ற கேள்வி நியாயமானது. என் பதில் காத்திருத்தலைப் பற்றியது. பறவைக்காகவோ விளையாட்டின் ஒரு திருப்பத்துக்காகவோ கேமராவோடு நிற்பவருக்கு, எடுக்கும் நேரத்தைவிடப் பார்க்கும் நேரமே மிக அதிகம். மிரர்லெஸ்ஸில் பார்ப்பதற்கும் சென்சாரும் சிறு திரையும் விழித்திருந்தாக வேண்டும். டிஎஸ்எல்ஆரில் ஒளியே கண்ணுக்கு வருகிறது, சென்சார் தூங்கலாம். டி780உம் இசட்6உம் ஒரே வகைப் பேட்டரியோடு வந்தவை. கேமராத் துறை அமைப்பான சிப்பாவின் அளவுகோலின்படி முன்னது 2260 படங்கள், பின்னது 310. தொடர்ச்சியாகச் சுடும்போது மிரர்லெஸ் இந்த எண்ணைப் பல மடங்கு தாண்டும் என்பது உண்மைதான். ஆனால் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பவருக்கு அந்த ஆறுதல் கிடையாது. எலெக்ட்ரானிக் வியூஃபைண்டர் படத்தின் வெளிச்சத்தை முன்கூட்டியே காட்டுகிறது, இருட்டிலும் பார்க்கத் தருகிறது என்பார்கள். அதை மறுக்கவில்லை. இரவில் எடுப்பவருக்கு அதுவே சிறந்தது. அடுத்த டிஎஸ்எல்ஆர் அந்த வேலைக்குப் போட்டிபோடவே கூடாது. அது தன் பணத்தை ப்ரிஸத்தில் செலவழிக்கட்டும். பென்டாக்ஸ் 2021இல் கே-3 மார்க் 3இல் அதைத்தான் செய்தது: சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவுக்கு, ஒளிவிலகல் அதிகமுள்ள கண்ணாடியால் ப்ரிஸம் செய்து, ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கு நிகரான அகன்ற காட்சியைக் கொடுத்தது.

லென்ஸ் விஷயத்தில் எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய ஆசைப்படுவது தவறு. கண்ணாடி மடங்க இடம் வேண்டும் என்பதால் நிக்கான் எஃப் மவுண்டிலிருந்து சென்சார் 46.5 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. இசட் மவுண்டில் அது 16 மட்டுமே. 14 மில்லிமீட்டர் வைட் லென்ஸ் ஒன்று அவ்வளவு தள்ளிப் படத்தை விழவைக்கப் படும் பாடு, அதன் எடையில் தெரியும். 2007இல் வந்த எஃப் மவுண்ட் 14-24 எஃப்/2.8 ஏறத்தாழ ஒரு கிலோ. 2020இல் வந்த இசட் மவுண்ட் 14-24 எஃப்/2.8, 650 கிராம். வைட் லென்ஸ் களத்தை மிரர்லெஸ்ஸுக்கு விட்டுவிடலாம், வருத்தமில்லை. டெலியில் கதை வேறு. 400 மில்லிமீட்டர் லென்ஸுக்கு முப்பது மில்லிமீட்டர் இடைவெளி ஒரு பொருட்டே அல்ல. கேனன் 2021இல் வெளியிட்ட ஆர்எஃப் 400 எஃப்/2.8, 2018இல் டிஎஸ்எல்ஆருக்காக வந்த இஎஃப் லென்ஸின் அதே ஒளியியல் வடிவம்தான். மவுண்ட் பக்கம் நீட்டப்பட்டிருக்கிறது, எடையும் சற்றுக் கூடியிருக்கிறது. நிக்கானின் 500 எஃப்/5.6 பிஎஃப், 1460 கிராமில் கையில் பிடித்து எடுக்கக்கூடிய டெலியை எஃப் மவுண்டுக்குத் தந்தது. புதிய டிஎஸ்எல்ஆர் லென்ஸ் வருமானால் அந்த வழியில் வர வேண்டும்: நீளமான, எடை குறைந்த டெலிகள் இரண்டு மூன்று, அவ்வளவு போதும்.

வாங்க ஆள் எங்கே என்பது கடைசி ஆட்சேபம், கனமானதும் கூட. 2012இல் ஒன்றரைக் கோடிக்கு மேல் போன டிஎஸ்எல்ஆர் ஏற்றுமதி, 2024இல் பத்து லட்சத்தைச் சுற்றி வந்து நின்றது. ஆனாலும் 1954இல் எம்3யோடு தொடங்கிய லைக்காவின் எம் ரேஞ்ச்ஃபைண்டர் வரிசையை, 1959இல் வந்த நிக்கான் எஃப் என்ற எஸ்எல்ஆர் ஓரம் தள்ளிய பிறகும் அது சாகவில்லை. 2022இல் எம்11 வந்தது. லைக்கா பணக்காரர்களின் பொருளாகித்தானே பிழைத்தது என்று திருப்பிக் கேட்கலாம். டிஎஸ்எல்ஆருக்கு அந்தக் கதி வரத் தேவையில்லை என்பது என் நம்பிக்கை. சென்சாரும் செயலியும் மிரர்லெஸ்ஸுக்காக எப்படியும் செய்யப்படுகின்றன. புதிதாகச் செய்ய வேண்டியவை கண்ணாடிப் பெட்டியும் ப்ரிஸமும் ஃபோகஸ் சென்சாரும். லென்ஸ்களோ ஏற்கெனவே உலகில் இருக்கின்றன. கேனன் மட்டுமே 2021க்குள் இஎஃப், ஆர்எஃப் இரண்டும் சேர்த்து 15 கோடி லென்ஸ்கள் செய்திருந்தது. அவற்றில் மிகப் பெரும் பகுதி இஎஃப். அடாப்டர் போட்டு மிரர்லெஸ்ஸிலேயே அவற்றைப் பயன்படுத்தலாம் என்பது கேனனுக்குப் பொருந்தும், நிக்கானுக்கு முழுதாகப் பொருந்தாது. பாடியிலுள்ள மோட்டார் சுழற்றி ஃபோகஸ் செய்யும் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள், எஃப்டிஇசட் அடாப்டரில் கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸ்களாகிவிடுகின்றன, ஏனென்றால் அந்த அடாப்டருக்குள் மோட்டார் இல்லை. டி780இல் அந்த மோட்டார் இருந்தது. அதற்கு ஒரு வாரிசு செய்ய நிக்கான் என்றாவது மனம்வைத்தால், அந்த மோட்டாரை எடுத்துவிடாமல் இருக்கட்டும்.